பத்து எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மேசையில் மின்னணுவியல்

ஒரு பல்பை எரியவைக்கத் தெரிந்த பிறகு அடுத்து வரும் ஆசை பல பல்புகளை எரியவைப்பது. பெரும்பாலானவர்கள் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வந்த கேள்விகளில் அது சம்பந்தமானவற்றை மட்டும் எடுத்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: அட்டையில் செய்த மாதிரி வீட்டுக்குப் பத்து வெள்ளை எல்.இ.டி. வைத்திருக்கிறேன். பத்தையும் பக்க இணைப்பில் (பாசிட்டிவ் கால்கள் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் கால்கள் எல்லாம் ஒன்றாக) சேர்த்து, ஒரே ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை அடக்கும் மின்தடை) போட்டு, 9 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன். ஒன்றை மட்டும் மாட்டினால் பளிச்சென்று எரிகிறது. பத்தையும் மாட்டினால் எல்லாமே மங்கல். அதிலும் ஒன்று போல இன்னொன்று இல்லை. ரெசிஸ்டரின் மதிப்பைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: மங்கல் போகும். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை வந்து சேரும்.

வெள்ளை எல்.இ.டி. எரியும்போது அதன் இரண்டு கால்களுக்கு நடுவே சுமார் 3 வோல்ட் நிற்கும். பேட்டரியின் 9 வோல்ட்டில் மீதி 6 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழுகிறது. 6 வோல்ட்டை 330 ஓமால் வகுத்தால் 18 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. ஒன்று இருந்தாலும் பத்து இருந்தாலும் அந்த ரெசிஸ்டர் விடுவது ஏறக்குறைய அதே 18தான். பத்தும் பங்குபோட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 2 மில்லி ஆம்பியர்கூட வராது. மங்கலுக்குக் காரணம் அதுதான்.

இப்போது 33 ஓம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 மில்லி ஆம்பியர் ஓடும். முதல் சிக்கல், அந்த ரெசிஸ்டரில் 1 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். உங்கள் பெட்டியில் இருப்பது கால் வாட் ரெசிஸ்டர் என்றால் கருகிவிடும். இரண்டாவது சிக்கல் பங்கீடு. ஒரே பாக்கெட்டில் வந்த எல்.இ.டி.களிலும் ஒன்று 3.0 வோல்ட்டில் எரியும், இன்னொன்றுக்கு 3.2 வேண்டும். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ட்தான் கிடைக்கும் என்பதால், குறைந்த வோல்ட்டில் எரிவது மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். இழுக்க இழுக்க அது சூடாகும். சூடானால் அதற்கு வேண்டிய வோல்ட் இன்னும் கொஞ்சம் குறையும். அப்போது இன்னும் அதிகமாக இழுக்கும். கடைசியில் அது போய்விட்டால் அதன் பங்கும் மற்ற ஒன்பதின் தலையில் விழும். 2 மில்லி ஆம்பியரில் கண்ணை உறுத்திய வித்தியாசம் 18இல் எல்.இ.டி.யைக் கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. இரண்டிரண்டு எல்.இ.டி.களைத் தொடராக இணையுங்கள்: ஒன்றின் நெட்டைக் கால் பாசிட்டிவ் பக்கம், அதன் குட்டைக் கால் அடுத்ததன் நெட்டைக் காலோடு. இப்படி ஐந்து வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு ரெசிஸ்டர். இரண்டு வெள்ளை சேர்ந்து 6.2 வோல்ட் எடுக்கும் என்று கொண்டால் மீதி 2.8 வோல்ட். வரிசைக்கு 10 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 2.8ஐ 0.010ஆல் வகுக்க 280 ஓம் வரும். கிடைப்பது 270, அதையே போடுங்கள். மொத்தம் ஐந்து வரிசைக்கு 50 மில்லி ஆம்பியர் சொச்சம்தான். 10 மில்லி ஆம்பியர் போதுமா என்று தயங்க வேண்டாம். 20இல் இருந்து 10க்கு இறக்கினால் கண்ணுக்கு வெளிச்சம் பாதியாகத் தெரியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசமே புலப்படும். மாதிரி வீட்டுக்குள் வைக்க 5 மில்லி ஆம்பியர்கூடத் தாராளம்.

இன்னொன்று. சதுரமான 9 வோல்ட் பேட்டரி உருவத்தில் கனமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆறு பொடிச் செல்கள். ஆல்கலைன் வகையில், குறைந்த மின்னோட்டத்தில்கூட சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான் கிடைக்கும். 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டபுள் ஏ ஆல்கலைன் செல் 2000க்கு மேல் தரும். ஆறு டபுள் ஏ செல்களை ஒரு தாங்கியில் போட்டால் அதே 9 வோல்ட். நான்கு மடங்கு நேரம் எரியும்.

கேள்வி: வரிசையில் எத்தனை எல்.இ.டி. போடலாம் என்பதை எப்படி முடிவு செய்வது? என்னிடம் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது. நான்கு வெள்ளையைத் தொடராகப் போட்டால் மூன்றும் மூன்றும் மூன்றும் மூன்றும் பன்னிரண்டு, ரெசிஸ்டரே வேண்டாம் என்கிறார் நண்பர்.

பதில்: கணக்குத் தாளில் அழகாக இருக்கிறது, மேசையில் ஏமாற்றும். எல்.இ.டி.யின் 3 வோல்ட் என்பது கல்லில் பொறித்த எண் இல்லை. வெள்ளை, நீலம், அடர் பச்சை மூன்றும் 3.0 முதல் 3.4 வரை, சிவப்பு 1.8 முதல் 2.2 வரை; மஞ்சளும் பழைய வகை இளம்பச்சையும் 2.0 முதல் 2.2 வரை. நான்கு வெள்ளையும் 3.2 வீதம் கேட்டால் 12.8 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் அரைகுறையாக மினுங்கும். நான்கும் 2.9இல் எரியும் ரகமாக இருந்து ரெசிஸ்டரும் இல்லை என்றால் மின்னோட்டத்துக்குக் கடிவாளமே கிடையாது.

எல்.இ.டி.யின் குணம் இதுதான்: தனக்கு வேண்டிய வோல்ட்டை அது எட்டிவிட்டால், அதற்கு மேல் 0.1 வோல்ட் கூடினாலும் மின்னோட்டம் ஒரேயடியாக ஏறும். எத்தனை மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது ரெசிஸ்டர். அதற்கு வேலை செய்ய இடம் வேண்டும், அதாவது அதன் மேல் விழ மீதி வோல்ட் வேண்டும். மொத்த வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்காவது ரெசிஸ்டருக்கு விட்டுவையுங்கள். முடிந்தால் கால் பங்கு.

12 வோல்ட்டில் மூன்று வெள்ளை என்றால் 9.3 போக 2.7 மீதி. 15 மில்லி ஆம்பியருக்கு 180 ஓம் கச்சிதமாக வருகிறது. கடைகளில் சுருளாக விற்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையைக் கூர்ந்து பாருங்கள்: மூன்று எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு வெட்டுக்குறி; மறுபடி மூன்று. அதை வடிவமைத்தவர்களும் இதே கணக்குக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் 12 வோல்ட்டில் நான்கு போடுங்கள். 8 வோல்ட் போக 4 மீதி, 270 ஓம். ஐந்து சிவப்பும் ஓடும் (150 ஓம்), ஆனால் இடம் குறைவு.

எதற்குத் தொடர் வம்பு, ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். தவறே இல்லை; எளிதும்கூட. பன்னிரண்டு வெள்ளை எல்.இ.டி.களை அப்படிப் போட்டால் 15 மில்லி ஆம்பியர் வீதம் மொத்தம் 180 மில்லி ஆம்பியர் வேண்டும். மும்மூன்றாகத் தொடரில் போட்டால் 60 போதும். வெளிச்சம் ஒன்றுதான். அந்த 120இன் வித்தியாசம் முழுக்க ரெசிஸ்டரில் வெந்து வீணாவது.

அடாப்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கையில் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இணைக்காதீர்கள். 12 என்று எழுதியிருக்கும். சுமை இல்லாமல் 16 வோல்ட் வரை காட்டும். 16 வோல்ட்டில் மேலே சொன்ன 180 ஓம் வரிசையில் 37 மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி.க்கு 20தான் தொடர்ந்து தாங்கும் அளவு. இலேசான, நவீன ஸ்விட்சிங் வகை அடாப்டர் 12 என்றால் 12தான் தரும்.

கேள்வி: சிவப்பு, நீலம் இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கொடுத்தால் சிவப்பு மட்டும் எரிகிறது. நீலத்தைத் தனியாகச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. என்ன பிழை?

பதில்: எல்.இ.டி.யில் பிழை இல்லை, இணைப்பில்தான். சிவப்பு 2 வோல்ட்டில் எரியத் தொடங்கிவிடும். எரியும்போது அந்த இணைப்பு முழுவதையும் 2 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்தும். நீலத்துக்கு 3 வேண்டும். எனவே அது விழிக்கவே வாய்ப்பில்லை. வெள்ளை, அடர் பச்சை எதைச் சேர்த்தாலும் இதே கதைதான். ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்புக்கு 330 ஓம், நீலத்துக்கு 220 ஓம் போட்டால் இரண்டுக்கும் 9 மில்லி ஆம்பியர் அளவில் வரும். வெளிச்சம் ஒத்துவராவிட்டால் அதிகமாகத் தெரிவதன் ரெசிஸ்டரை மட்டும் உயர்த்திப் பாருங்கள். 1000 ஓம் வரை போனாலும் தவறில்லை. புதிய அடர் பச்சை எல்.இ.டி.கள் மிகக் கொஞ்சம் மின்னோட்டத்திலேயே கண்ணைக் கூசவைக்கும்.

இரண்டு நிறங்களையும் தொடராக இணைத்தால் இந்தச் சிக்கல் வராது. தொடரில் ஓடும் மின்னோட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் ஒன்று மற்றொன்றின் பங்கைப் பறிக்க முடியாது.

கேள்வி: எல்.இ.டி. இல்லை, பழைய டார்ச் பல்பு. இரண்டும் 2.5 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்று டபுள் ஏ செல் போட்டு இரண்டையும் தொடராக இணைத்தேன். ஒன்று பளிச்சென்று எரிகிறது, இன்னொன்றில் இழை சிவப்பாக மட்டும் தெரிகிறது. பல்புக்கும் ரெசிஸ்டர் போட வேண்டுமா?

பதில்: பல்பின் உலோகத் தொப்பியை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியரும் பொறித்திருக்கும். ஒன்றில் 0.3, மற்றொன்றில் 0.2 இருக்க வாய்ப்பு அதிகம்.

2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பின் சூடான இழைக்கு 8.3 ஓம் மின்தடை. 0.2 ஆம்பியர் பல்புக்கு 12.5 ஓம். தொடரில் மின்னோட்டம் ஒன்றுதான் என்பதால் மின்தடை அதிகமானது அதிக வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 4.5 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் பல்புக்கு 2.7, மற்றதற்கு 1.8 என்று கணக்கு சொல்கிறது. நிஜத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். மங்கலாக எரிவதன் இழை அவ்வளவாகச் சூடாகாது. சூடு குறைந்தால் அதன் மின்தடையும் குறையும். அதனால் அதன் பங்கு இன்னும் சுருங்கும். பளிச்சென்று எரிவது அளவுக்கு மேல் வாங்குகிறது, சீக்கிரம் இழை அறுந்துவிடும். தொடரில் ஒன்று அறுந்தால் மற்றதும் அணையும்.

ஆக, இழை பல்புகளைத் தொடராக இணைக்க வேண்டுமென்றால் வோல்ட், ஆம்பியர் இரண்டும் ஒத்த பல்புகளாக எடுங்கள். வெவ்வேறு ஆம்பியர் பல்புகள்தான் கையில் இருக்கின்றன என்றால் பக்க இணைப்பு. இரண்டு செல்லின் 3 வோல்ட்டில் இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். புது செல்லில் முதலில் கொஞ்சம் கூடுதலாக எரியும். அரை ஆம்பியர் இழுக்கும்போது செல்லின் வோல்ட் விரைவில் இறங்கிச் சரியாகும்.

ரெசிஸ்டர் தேவையில்லை. எல்.இ.டி. சூடாக ஆக அதிகம் கேட்கும். டங்ஸ்டன் இழை சூடாக ஆகக் குறைவாகக் கேட்கும். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பொருள் அது. பக்க இணைப்பு எல்.இ.டி.க்கு ஆகாமல் பல்புக்கு ஆவதன் காரணம் இதில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குளிர்ந்த இழையின் மின்தடை சூடான இழையுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஸ்விட்ச் போடும் கணத்தில் 0.3 ஆம்பியர் பல்பு 3 ஆம்பியர் வரை கேட்கும். டிரான்சிஸ்டர் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம்) வைத்து டார்ச் பல்பை இயக்குபவர்களின் டிரான்சிஸ்டர் காரணமில்லாமல் செத்துப்போவது இதனால்தான்.

கேள்வி: வட்டமான 3 வோல்ட் காசு பேட்டரியில் எல்.இ.டி.யை ரெசிஸ்டர் இல்லாமலே எரியவைக்கிறார்களே, அது எப்படி?

பதில்: அந்த பேட்டரியே ரெசிஸ்டராகவும் வேலை செய்கிறது. சி.ஆர். 2032 பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம், சிவப்பு எல்.இ.டி.யை நேரே மாட்டினால் பேட்டரியின் வோல்ட் சரிந்து மின்னோட்டம் தானாகவே அடங்கும். ஒரு பல்புக்கு இது சரி. அதே பேட்டரியில் ஐந்து மாட்டினால் ஐந்தும் அந்தக் கொஞ்சத்தைப் பங்குபோடும். வெள்ளை, நீலத்துக்கு ஏற்கெனவே விளிம்பில்தான் வோல்ட் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும்.

இந்த பேட்டரியைச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெறுமனே டேப் ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி ஓரிரு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். திருகு மூடியுள்ள தாங்கியில் போடுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம் இது.

கேள்வி: அர்டுயினோ ஊனோவின் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒரே பின்னில் (இணைப்பு முனையில்) இருந்து 12 வெள்ளை எல்.இ.டி.களை மெதுவாக ஒளிரவிட்டு மெதுவாக மங்கவைக்க வேண்டும். பின் தாங்குமா? தாங்காதென்றால் எந்த டிரான்சிஸ்டர், எந்த ரெசிஸ்டர் என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பதில்: தாங்காது. ஊனோவின் (ஆர்3 பலகையில்) ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதியாக எடுக்கலாம். 40 என்பது அது உடையும் எல்லை, பயன்படுத்தும் அளவு அல்ல. எல்லாப் பின்களும் சேர்ந்து 200ஐத் தாண்டக் கூடாது. பின் கட்டளை மட்டும் கொடுக்கட்டும். மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் சுமக்கட்டும்.

தேவையானவை: 12 வோல்ட் ஸ்விட்சிங் அடாப்டர், 12 வெள்ளை எல்.இ.டி., 180 ஓம் ரெசிஸ்டர் நான்கு, 680 ஓம் ஒன்று, பி.என். 2222ஏ டிரான்சிஸ்டர் ஒன்று.

மூன்று எல்.இ.டி., ஒரு 180 ஓம் என்று நான்கு வரிசைகள் கட்டுங்கள். நான்கின் பாசிட்டிவ் முனைகளும் அடாப்டரின் 12 வோல்ட்டுக்கு. நான்கின் நெகட்டிவ் முனைகளும் ஒன்றுசேர்ந்து டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (கலெக்டர், பேஸ், எமிட்டர்) கலெக்டருக்கு. எமிட்டர் அடாப்டரின் நெகட்டிவுக்கு. அர்டுயினோவின் 9ஆம் பின்னில் இருந்து 680 ஓம் வழியாக பேஸுக்கு. அர்டுயினோவின் கிரவுண்டும் அடாப்டரின் நெகட்டிவும் ஒரு கம்பியால் கட்டாயம் சேர வேண்டும். 9ஆம் பின்னில் அனலாக்ரைட் கட்டளை விநாடிக்குச் சுமார் 490 முறை ஆன் ஆஃப் செய்யும். ஆன் நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் கண்ணுக்கு அது மிருதுவான ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

680 ஓம் எங்கிருந்து வந்தது? நான்கு வரிசைக்கு மொத்தம் 60 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்க அதில் பத்தில் ஒரு பங்கை பேஸுக்குக் கொடுப்பது வழக்கம்: 6 மில்லி ஆம்பியர். பின் தரும் 5 வோல்ட்டில் பேஸ் 0.7 எடுத்துக்கொள்ள மீதி 4.3. வகுத்தால் 716, அருகில் கிடைப்பது 680. பி.சி. 547 போட்டாலும் இந்தச் சுமைக்கு ஓடும். ஆனால் அதன் எல்லை 100 மில்லி ஆம்பியர்தான். நாளைக்கு இன்னும் நான்கு வரிசை சேர்க்கலாம் என்று தோன்றினால் அப்போது இடிக்கும். 2222 ரகம் 600 வரை போகும்.

இதில் நடக்கும் தவறுகள் மூன்று. கிரவுண்டுகளைச் சேர்க்க மறப்பது முதலாவது, அப்போது எல்.இ.டி. எரியாது, அல்லது கைபட்டால் மினுங்கும். எல்.இ.டி.களை எமிட்டர் பக்கம் மாட்டுவது இரண்டாவது. எமிட்டருக்கு பேஸைவிட 0.7 வோல்ட் குறைவாகத்தான் கிடைக்கும், அதாவது 4.3. மூன்று வெள்ளைக்கு அது போதவே போதாது, அடாப்டர் 12 தந்தாலும் சரி. மூன்றாவது, கால்களைக் குழப்பிக்கொள்வது. தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பி.சி. 547இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.என். 2222ஏ தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் பி2என்2222ஏ மறுபடியும் கலெக்டர், பேஸ், எமிட்டர். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையை நடுக்காலில் வைத்துக் கறுப்பால் மற்ற இரண்டையும் தொட்டால் இரண்டிலும் 0.6, 0.7 அளவில் காட்டும். அதில் சற்றே கூடுதலாகக் காட்டுவது எமிட்டர்.

பல குழுக்களைத் தனித்தனியாக இயக்க வேண்டும் என்றால் டிரான்சிஸ்டரை அடுக்கிக்கொண்டிருக்காமல் யு.எல்.என். 2003 சில்லு வாங்கிவிடுங்கள். ஏழு குழுக்கள், உள்ளேயே பேஸ் ரெசிஸ்டர்கள். 1 முதல் 7 வரை உள்ள கால்கள் அர்டுயினோவுக்கு, எதிர்ப்பக்கம் 16 முதல் 10 வரை வரிசைகளுக்கு, 8 கிரவுண்டுக்கு. எல்.இ.டி. மட்டும் இயக்கும்போது 9ஆம் காலைச் சும்மா விடலாம். சில்லு தன் பங்குக்கு 0.9 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளும் என்பதால் 12 வோல்ட்டில் மூன்று வெள்ளைக்கு 180க்குப் பதில் 120 ஓம் போடுங்கள்.

கேள்வி: கணக்குப்படி 10 மில்லி ஆம்பியர் வர வேண்டும். உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது? மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து பேட்டரியைத் தொட்டதும் டப்பென்றது. அதற்குப் பிறகு ஆம்பியரே காட்டவில்லை.

பதில்: மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்கும். ஆம்பியர் நிலையில் மீட்டர் வெறும் கம்பி மாதிரிதான். பேட்டரியின் இரு முனைகளுக்கு நேராக வைத்தால் ஷார்ட் சர்க்யூட். அதே மதிப்பில் வேறு ஃபியூஸ் போட்டால் சரியாகிவிடும். வெள்ளிக் காகிதம் சுற்றிவிடாதீர்கள்.

இனி ஆம்பியர் நிலையே வேண்டாம். மீட்டரை வோல்ட்டில் வைத்து, எரிந்துகொண்டிருக்கும் வரிசையின் ரெசிஸ்டருடைய இரண்டு முனைகளையும் தொடுங்கள். கிடைத்த வோல்ட்டை ஓமால் வகுத்தால் மின்னோட்டம். 270 ஓம் மேல் 2.7 வோல்ட் காட்டினால் 10 மில்லி ஆம்பியர். எதையும் கழற்ற வேண்டியதில்லை, ஃபியூஸும் பிழைக்கும். எல்லா வரிசைகளையும் இப்படித் தொட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் மட்டும் எண் விலகி நின்றால் ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளைப் பாருங்கள். 220 ஓமுக்குச் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் அது 22,000 ஓம், எல்.இ.டி. செத்த மாதிரிதான் தெரியும். சிவப்பு, சிவப்பு, கறுப்பு என்றால் வெறும் 22 ஓம்; அது எல்.இ.டி.யைக் காவு வாங்கும். ஐந்து பட்டை ரகத்தில் 220 என்பது சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு என்று வரும், அதனால் பட்டைகளை எண்ணிவிட்டுப் படியுங்கள். மஞ்சள் விளக்கொளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ரெசிஸ்டரைக் கழற்றி மீட்டரின் ஓம் நிலையில் அளந்துவிடுவது நல்லது.

கேள்வி: நீளமான பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) இடது பாதியில் உள்ள எல்.இ.டி.கள் எரிகின்றன, வலது பாதி எரியவில்லை. இணைப்புகளைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

பதில்: ஓரத்தில் ஓடும் பாசிட்டிவ், நெகட்டிவ் கோடுகளைப் பாருங்கள். நடுவில் கோடு விட்டுப்போயிருந்தால் உள்ளே உலோகமும் அங்கே துண்டாகியிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சின்னக் கம்பியால் இணையுங்கள், பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று.

கேள்வி: எழுபது வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து வீட்டு மின்சாரத்திலேயே நேராக எரியவைக்கலாமா? கணக்கு சரியாக வருகிறது.

பதில்: வேண்டாம். கணக்கு எப்படி வந்தாலும் வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு எல்.இ.டி.யின் காலும், ஒவ்வொரு ஒட்டும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். சரியாக எரிகிறது என்பதற்கும் தொட்டால் ஆபத்தில்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கெப்பாசிட்டர் போட்டு வோல்ட்டைக் குறைக்கும் எளிய சர்க்யூட்டுகளும் இதே ரகம்தான். வோல்ட் குறையும், ஆபத்து குறையாது. செல்போன் சார்ஜர் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். வீட்டு மின்சாரத்தில் இருந்து பிரித்து 5 வோல்ட் தருவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு வெள்ளை எல்.இ.டி.க்கும் தனியாக 220 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும். எழுபதுக்கும் சேர்த்து 600 சொச்சம். நல்ல நிலையில் உள்ள 1 ஆம்பியர் சார்ஜர் அலட்டிக்கொள்ளாமல் தரும்.

கேள்வி: பழைய யு.எஸ்.பி. கேபிளை வெட்டி, ஆறு எல்.இ.டி.களைப் பவர் பேங்கில் இணைத்தேன். அரை நிமிடம் எரிந்துவிட்டுத் தானாக அணைகிறது. பொத்தானை அழுத்தினால் மறுபடி எரிந்து மறுபடி அணைகிறது. எங்கேயோ ஷார்ட் ஆகிறதா?

பதில்: ஷார்ட் இல்லை, நீங்கள் எடுப்பது போதவில்லை. ஆறு எல்.இ.டி. எடுப்பது 60 மில்லி ஆம்பியர்கூட இல்லை. பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைவாக எடுத்தால் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியீட்டை நிறுத்திவிடும். சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட நிலை என்று ஒன்று இருக்கும். இயர்போன், கைக்கடிகாரம் சார்ஜ் செய்வதற்காக வைத்தது. உங்களுடையதில் அது இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

இல்லையென்றால் 5 வோல்ட்டுக்கு நேராக 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் கூடுதலாக 100 மில்லி ஆம்பியர் ஓடும், பல பவர் பேங்குகள் விழித்திருக்கும். அதில் அரை வாட் சூடு உண்டாகும் என்பதால் 1 வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். அட்டையிலோ பஞ்சிலோ படாமல் நிற்கட்டும். ஆனால் விளக்குக்கு எடுப்பதைவிடச் சூட்டுக்கு அதிகம் கொடுக்கும் ஏற்பாடு இது. ஆறு எல்.இ.டி.தான் என்றால் மூன்று டபுள் ஏ செல் தாங்கியும், ஒவ்வொன்றுக்கும் 150 ஓமும் போதும். முப்பது மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும், தானாக அணையாது.

வெட்டிய கேபிளில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பது வழக்கம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. மீட்டரால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பச்சையும் வெள்ளையும் தகவலுக்கானவை. இரண்டின் முனையையும் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.